நீங்க போங்க, பையை நான் பாத்துக்கறேன்

சுற்றுலாப் பயணிகளில் இரண்டே வகைதான் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை, ஊரின் முன்னால் நின்று தங்களைப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் இன்னொரு வகை, சரி. மூன்றாவதாக ஒரு ஜீவன் இருக்கிறது. விசாவுக்கு அலைந்து, விமானம் ஏறி, காது அடைத்து, கால் வீங்கி, கடல் கடந்து வந்து சேரும். வந்த பிறகு எதையும் பார்க்காது. பையைப் பார்த்துக்கொள்ளும்.

இவரை உங்களுக்குத் தெரியும். எல்லோரும் கடலில் இறங்கிக் கும்மாளம் போடும்போது கரையில் செருப்புகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவில், கால்சட்டையின் நுனியைக்கூட மடித்துவிடாமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே நாலு பேருடைய கைப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்பாரே, அவரேதான். பார்த்ததும் ஐயோ பாவம் என்று நினைத்திருப்பீர்கள். அங்கேதான் ஏமாந்தீர்கள். அவர் பாவம் இல்லை. அவரோடு வந்தவர்கள்தான் பாவம்.

ஏனென்றால் அந்தச் சேவை இலவசம் இல்லை. கூலியைக் காசாக வாங்க மாட்டார், அவ்வளவுதான். நீங்கள் நனைந்து, சிரித்து, மூச்சு வாங்கி, தலைமுடி நட்டுக்கொண்டு திரும்பி வருவீர்கள். "நல்லா இருந்துதா?" என்று கேட்பார். குரலில் அப்படி ஒரு சோர்வு இருக்கும். சிரித்த குற்றத்துக்காக நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். "இங்க என்ன வெயில்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று அடுத்து சொல்வார். உங்கள் சந்தோஷத்தில் மிச்சம் மீதி இருந்தால் அதுவும் அங்கேயே முடிந்தது.

எங்கள் கோஷ்டியில் இந்த வகையின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். கல்லூரி விடுதியில் நான், இன்றைய பல் டாக்டர், இவர், மூன்று பேரும் ஒரே அறை. நாங்கள் கிணற்றில் குதிக்கப் போனால் துணிகளை இவர் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு வைத்த 'தியாகி' என்ற பெயர் தலை நரைத்த பிறகும் உதிரவில்லை. விதி பாருங்கள், பிழைக்கப் போன இடமும் காப்பீட்டு நிறுவனம். தீ, திருட்டு, வெள்ளம், விபத்து என்று நாள் முழுக்க மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளை யோசிப்பதற்குச் சம்பளம் வாங்கி, மாலையில் வீட்டுக்கு வந்து அதையே சம்பளமில்லாமல் யோசிக்கிறவர். அவருடைய மனைவி கணித ஆசிரியை. நாங்கள் எல்லோருமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். பேசினால் விடை சரியாக இருக்கும்.

பிள்ளைகள் வேலை, படிப்பு என்று பறந்துபோனதும் மூன்று தம்பதிகளும் சேர்ந்து ஒரு வெளிநாட்டுப் பயணம் கிளம்பினோம். அதில் ஒரு முழு நாள் கேளிக்கைப் பூங்காவுக்கு. இந்த வயதில் அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே டீச்சர் ஒரு ஆசையைச் சொல்லியிருந்தார். பூங்காவின் கோடியில் செயற்கைக் குகை ஒன்று இருக்கிறதாம், உள்ளே ஓடை ஓடுகிறதாம், கூரையெல்லாம் நட்சத்திரம் மாதிரி விளக்காம், இருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் படகாம். விளம்பரப் படத்தைக் கணவரிடம் காட்டி, "வேற எதுக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன். இதுல மட்டும் நீங்க என்கூட வரணும்" என்றார். தியாகி படத்தை வாங்கிப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் டீச்சர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் போன அன்றைக்கு உலகத்தில் பாதிப் பேருக்கு விடுமுறை போலிருக்கிறது. வாயிலிலேயே மனித வெள்ளம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிற வரிசை, ஒரு வளைவு தாண்டினால் காலையில் பார்த்த அதே முகங்களை எதிர்ப்பக்கம் மறுபடி பார்க்க வைக்கும். கம்பத்துக்குக் கம்பம் பாட்டு. சோளப்பொரி வாசனை. அழுகிற குழந்தைகள், அழாத குழந்தைகளை அதட்டுகிற அப்பாக்கள், தலையில் முயல் காதுகளை மாட்டிக்கொண்டு விறைப்பாக நடக்கிற கம்பெனி மேலதிகாரிகள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் நமக்கெல்லாம் மலைப்பு வரும். தியாகியின் முகத்திலோ ஒரு தெளிவு வந்தது. கூட்டம் இருந்தால் திருடன் இருப்பான், திருடன் இருந்தால் காவல் வேண்டும். அவருக்கு ஊரில் ஒரு வேலை அமைந்துவிட்டது.

இடம் தேர்ந்தெடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் பெஞ்சுக்குப் பின்னால் புதர் இருந்தது, ஆகாது. இரண்டாவது கழிப்பறைக்குப் பக்கம், ஆள் நடமாட்டம் அதிகம், ஆகாது. மூன்றாவதில் நிழல் இருந்தது, நிழல் இருந்தால் தூக்கம் வரும், தூங்கினால் போச்சு, ஆகாது. கடைசியில் நாலு பக்கமும் திறந்த, தலைக்கு மேல் ஒரு இலைகூட இல்லாத, உச்சி வெயில் நேராக வந்து இறங்குகிற ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்து, அதன் நட்டநடுவில் அமர்ந்து, மூன்று குடும்பங்களின் பைகளையும் மடியில் ஒன்றாகவும் பக்கத்தில் ஒன்றாகவும் அடுக்கி, மிச்சம் ஒன்றின் வாரைக் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அந்த மந்திரத்தைச் சொன்னார்.

"நீங்க போங்க. பையை நான் பாத்துக்கறேன்."

டாக்டர் ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தார். "ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாறி மாறி உக்காரலாம்டா." தியாகி அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. பல் பிடுங்குகிற ஆளுக்குப் பையைப் பற்றி என்ன தெரியும்?

பயமா என்று கேட்கிறீர்களா? இல்லை. பயமாக இருந்தால் மன்னித்துவிடலாம், எனக்கே அந்த உயரமான சுழல் ரயிலைப் பார்த்துப் பயம்தான். இவருக்குப் பயமில்லை, தலைசுற்றல் இல்லை, முதுகுவலி இல்லை. சொல்லப்போனால் எங்கள் எல்லோரையும்விட திடகாத்திரமானவர். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்கக் கூடாது. அதே சமயம் நடக்கிற காரியத்தில் அவர் இருக்கவும் கூடாது.

இதில் ஒரு கணக்கு உதைத்தது. ஆறு பேரில் ஒருவர் போனால் மிச்சம் ஐந்து. அந்தப் பூங்காவிலோ எல்லா இருக்கையும் இரண்டு இரண்டாக. வரிசையின் முனையில் நிற்கிற ஊழியர் எத்தனை பேர் என்று விரலைக் காட்டிக் கேட்பார். நான் இரண்டு விரல் காட்டுவேன், டாக்டர் இரண்டு விரல் காட்டுவார், டீச்சர் ஒரு விரல் காட்டுவார். ஊழியர் எட்டிப் பார்த்து, கூட்டத்தில் வேறு ஒற்றை ஆள் யாராவது கிடைக்கிறாரா என்று தேடி, டீச்சரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைப்பார். முதல் தடவை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வந்த ஒரு பையன். அடுத்த தடவை யாரோ ஒரு வழுக்கைத் தலைக்காரர். ரயில் தலைகீழானதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு டீச்சரின் கையைப் பிடித்தவர், கீழே வந்து நின்ற பிறகும் விடவில்லை. இறங்கும்போது குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

இதை என் மனைவி சிரிக்கச் சிரிக்கத் தியாகியிடம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கைய விட்டதுக்கப்புறம் மோதிரம் இருக்கான்னு பாத்தியா?" என்று டீச்சரைக் கேட்டார்.

ஒவ்வொரு முறை நாங்கள் திரும்பும்போதும் ஒரு அறிக்கை தயாராக இருக்கும். ஒருவன் இரண்டு தடவை பையைப் பார்த்துவிட்டுப் போனானாம். அந்த ஒருவன் எல்லா ஊரிலும் இருப்பான், கவனித்திருக்கிறீர்களா? தொப்பி போட்டிருப்பான், இவர் முறைத்ததும் நழுவிவிடுவான், வேறு யார் கண்ணிலும் பட்டதே கிடையாது. "நான் மட்டும் இல்லேன்னா இந்நேரம் பாஸ்போர்ட் இல்லாம நடுத்தெருவுல நின்னிருப்போம்" என்று முடிப்பார். நாங்கள் வாங்கிக்கொடுத்த ரொட்டி பிரிக்கப்படாமல் பெஞ்சில் இருக்கும். தண்ணீரும் குடிக்க மாட்டார். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் பை என்னாவது? பைகளைத் திறக்கவும் மாட்டார். அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அவருடைய தொழில் தர்மம்.

மத்தியானத்துக்குள் அவருடைய புகழ் பரவிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மனிதர் பை காப்பதைப் பார்த்து, பாஷை தெரியாத ஒரு இளம் தம்பதி தங்கள் குழந்தையின் தள்ளுவண்டியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சைகையில் ஏதோ கேட்டார்கள். இவர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். வண்டியில் குழந்தையைவிடப் பெரிதாக ஒரு பஞ்சுக் கரடி. ஏதோ வளையம் எறிகிற போட்டியில் ஜெயித்ததாம். நாங்கள் வந்தபோது ஒரு கை பைகளின் மேலும் மறு கை கரடியின் தோள் மேலும் இருக்க, குடும்பப் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி வீற்றிருந்தார். நாள் முழுக்க அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே மலர்ச்சி அதுதான்.

ஒரு வழியாகக் குகை வந்தது. அதாவது, குகைக்கு எதிரிலிருந்த பெஞ்சுக்கு அவருடைய சமஸ்தானம் கரடி சகிதம் இடம்பெயர்ந்தது. கரடியின் சொந்தக்காரர்களும் அந்தப் பக்கத்து ராட்டினத்தில்தான் நின்றிருந்தார்கள், இவர் போகும்போதே சைகையில் புதிய முகவரியைக் காட்டிவிட்டுத்தான் வந்தார். நாளின் கடைசி விளையாட்டு. கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் ஏறுகிற படகு. குலுக்கல் கிடையாது, கவிழ்தல் கிடையாது, தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லை. டீச்சர் தலையைச் சரிசெய்துகொண்டு கணவர் முன்னால் போய் நின்றார்.

"வாங்க."

"கூட்டத்தைப் பாத்தியா? நீங்க போங்க, பையை..."

"அந்தப் பையில ஒண்ணும் இல்லீங்க."

தியாகிக்குப் புரியவில்லை. எனக்கும் டாக்டருக்கும்கூடப் புரியவில்லை. எங்கள் மனைவிமார் இருவரும் ரொம்ப மும்முரமாக வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையில பெண்கள் கழிப்பறைப் பக்கம் போய்ட்டு வர்றோம்னு பைகளை எடுத்துட்டுப் போனோமே. அங்கயே லாக்கர் இருக்கு. பாஸ்போர்ட், பணம் எல்லாம் அதுல வெச்சாச்சு. இதுல இருக்கறது தண்ணி விளையாட்டுக்குக் கொண்டுவந்த துண்டு. கனம் சரியா இருக்கணும்னு கூடவே தண்ணி பாட்டில்."

தியாகி மடியிலிருந்த பையை முதல் முறையாகத் திறந்தார். துண்டு. அடுத்ததைத் திறந்தார். அதிலும் துண்டு. காலில் கட்டியிருந்ததை அவிழ்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அடியில் இரண்டு பாட்டில் தண்ணீர், சில்லென்று இருந்த தண்ணீர், காலையிலிருந்து அவரோடு வெயிலிலேயே இருந்து வெந்நீராகிவிட்டிருந்தது.

"அப்ப இவ்வளவு நேரம் நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

"துண்டை" என்றார் டாக்டர்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா லாக்கர் முன்னாடி போய் உக்காந்திருப்பீங்க" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பலகையில் எழுதுகிற குரலில் சொன்னார்.

தியாகி ஒரு பாட்டிலை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். சத்தியமாக எழுந்தார், நான் பார்த்தேன். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தார். டீச்சர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதுவரை எந்தக் கல்யாண ஆல்பத்திலும் பார்த்ததில்லை. பையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை, இனி இந்த மனிதர் தப்பிக்க வழியே இல்லை என்று நாங்கள் நாலு பேரும் முடிவு கட்டிவிட்டோம். வரிசையின் வாசலில் அவர் நின்றார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"லாக்கர் சாவி யார்கிட்ட இருக்கு?"

டீச்சர் மணிக்கட்டைக் காட்டினார். சுருள் ரப்பரில் சாவி தொங்கியது.

"தண்ணியில கைய விட்டா நழுவிடும். விழுந்தா எல்லாமே போச்சு" என்றார் தியாகி. அவர் முகத்தில் காலையில் பார்த்த அதே தெளிவு திரும்பிவிட்டது. "குடு. நீங்க போய்ட்டு வாங்க. சாவியை நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். கேலி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் நாள் முழுக்க ஒற்றை விரல் காட்டி, முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஒரு படகுக்காகக் காத்திருந்தார். எனக்கு அந்த ஆளை இரண்டு போடு போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

டீச்சர் போடவில்லை. சாவியைக் கழற்றிக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். பிறகு பெஞ்சுக்குப் போய், தள்ளுவண்டியிலிருந்து கரடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஏய், அது அடுத்தவங்க பொருள்."

"தெரியும். கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன்."

வரிசையின் முனையில் ஊழியப் பெண் வழக்கம்போல எத்தனை பேர் என்று கேட்டாள். டீச்சர் இரண்டு விரல் காட்டினார். அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள், கரடியைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, கரடியைப் பதவிசாக உட்கார வைத்து இருவருக்கும் சேர்த்துக் குறுக்குக் கம்பியை இறக்கிவிட்டாள். படகு இருட்டுக்குள் நுழைந்தது. கரையிலிருந்து ஒரு குரல், நனையாமல் பார்த்துக்கொள் என்று கரடியின் பொருட்டுக் கெஞ்சியது.

நாங்கள் அடுத்த படகில் போனோம். விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை, கூரையெல்லாம் வெளிச்சப் பொட்டுகள், தண்ணீரிலும் அதே பொட்டுகள். முன் படகிலிருந்து டீச்சர் கரடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனது கேட்டது. என் மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் பெஞ்சைச் சுற்றி ரகளை. அந்த இளம் தம்பதி வந்துவிட்டார்கள். வண்டி இருக்கிறது, கரடியைக் காணோம். குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. அப்பா எங்களுக்குப் புரியாத பாஷையில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். நடுவில் எங்கள் தியாகி, மூடிய கைக்குள் சாவியை இறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் குகையைக் காட்டி, படகைக் காட்டி, மனைவியைக் காட்டுவதற்கு என்ன சைகை என்று தெரியாமல், வியர்த்து வழிந்து நிற்கிறார். வாழ்நாள் சேவையில் அவரை நம்பி ஒப்படைத்த பொருள் முதல் முறையாகத் தொலைந்திருக்கிறது. ராட்டினத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் நின்று அவரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குழந்தையின் கையில் கரடியைக் கொடுத்தார். பிறகு கணவரிடம் கேட்டார்:

"இங்க ரொம்ப வெயிலா?"

இப்போது அவர்கள் வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். குகைக்குள் தானாகவே கிளிக் செய்கிற கேமரா எடுத்தது. நட்சத்திரங்களுக்குக் கீழே டீச்சர் வாய்விட்டுச் சிரிக்கிறார், பக்கத்தில் கரடி நேராகப் பார்க்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் சார் எங்கே என்று கேட்கிறார்கள். தியாகி முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் கரடியை அன்றைக்குப் பூராவும் வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதே நான்தான் என்கிறார். டீச்சர் விருந்தாளிக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விடுகிறார்.

நீங்கள் அப்படி இல்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏதோ முதுகுவலி, அல்லது யாராவது ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும், அல்லது இந்த விளையாட்டெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். இருந்தாலும் போன பயணத்துப் படங்களை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒன்றிலும் நீங்கள் இல்லையென்றால், எடுத்தது நான்தானே என்று சொல்ல வாயெடுக்காதீர்கள். நீங்கள் இருந்திருக்க வேண்டிய இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

அது கிடக்கட்டும். எல்லோரும் எங்கேயோ போயிருக்க, நீங்கள் மட்டும் இங்கே உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் மடியில் இருப்பது யாருடைய பை?